எனக்குத் தோன்றுகிறது என்கிறான் ஹாம்லெட்

வணக்கம் நேயர்களே.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இளவரசன் ஒரு மேகத்தைக் காட்டிக் கிழவர் பொலோனியஸைச் சீண்டுவான். ஒட்டகம் போல இல்லை? ஆமாம், ஒட்டகமேதான் என்பார் அவர். உடனே ஹாம்லெட், 'மீதிங்க்ஸ்' என்று தொடங்கி, கீரி போன்ற வேறொரு பிராணியின் பெயரைச் சொல்வான். முதுகு அப்படித்தான் இருக்கிறது என்பார். திமிங்கிலம் என்றாலும் ஆமாம்தான்!

அந்த 'மீதிங்க்ஸ்' இன்றைய மாணவன் விடைத்தாளில் இருந்தால் சிவப்பு மை பாயும். 'ஐ திங்க்' அல்லவா சரி? 'மீ' எப்படி எழுவாய் ஆகும்? கடைசியில் 'ஸ்' வேறு எதற்கு?

'மீ' அங்கே எழுவாயே இல்லை. அது நம் நான்காம் வேற்றுமை: 'எனக்கு'. 'எனக்குத் தோன்றுகிறது' என்னும்போது வினை, 'தோன்றுகிறேன்' என்று முடிவதில்லை. 'து' என்று படர்க்கையில் முடிகிறது. அந்த 'து'தான் ஆங்கிலத்தின் 'ஸ்'. ஆங்கிலேயரைத் திகைக்க வைக்கும் இந்த அமைப்பு, 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லி வளர்ந்த நமக்குப் பழகிய வீடு.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஏறக்குறைய 'தென்ச்சன்' என்று ஒலித்தது நினைப்பதைக் குறித்தது. 'துன்ச்சன்' தோன்றுவதைக் குறித்தது. நாளடைவில் ஒலி தேய்ந்து இரண்டும் 'திங்க்' என்றே ஆகிவிட்டன. இரட்டையரில் ஒருவர் மற்றவரின் சட்டையைப் போட்டுக்கொண்டால் யாருக்கு அடையாளம் தெரியும்? ஜெர்மன் மொழியில் இரண்டும் இன்றும் தனித்தனி; தோன்றுவதைச் சொல்லும் வினைக்கு மட்டும் அங்கேயும் வயதாகிவிட்டது.

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர், தாம் மொழிபெயர்த்த ஒரு லத்தீன் நூலுக்காகத் தம் பிஷப்புகளுக்கு எழுதிய முன்னுரையில் இந்த வினை ஒரே மூச்சில் இருமுறை வருகிறது: 'ஆகவே எனக்கு நல்லதென்று தோன்றுகிறது, உங்களுக்கும் அப்படித் தோன்றினால்.' எது நல்லது? லத்தீனில் முடங்கிக் கிடந்த முக்கியமான நூல்கள் சிலவற்றை எல்லோருக்கும் புரியும் ஆங்கிலத்தில் பெயர்ப்பது. நாட்டை ஆள்பவர் 'ஆணையிடுகிறேன்' என்று எழுதியிருக்கலாம். அந்தப் பணிவுக்காகவே எனக்கு அந்த வரி பிடிக்கும்.

'பிடிக்கும்' என்றதும் நினைவு வருகிறது. 'லைக்' என்ற வினையும் ஒரு காலத்தில் இப்படித்தான், 'எனக்குப் பிடிக்கிறது' என்ற அமைப்பில் வந்தது. பிறகு 'ஐ' வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. 'இஃப் யூ ப்ளீஸ்' என்பதில் வரும் 'யூ' மட்டும், முதலில் 'உங்களுக்கு' என்று பொருள்பட்ட அந்த இடத்தைவிட்டு இன்னும் நகரவில்லை.