தவிர்த்தலும் அடக்கிக்கொள்ளுதலும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையிலும் இந்தச் சமூக மன்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஒன்றைச் செய்யாமல் தன்னை நிறுத்திக்கொள்வதைக் குறிக்கும் 'ரிஃப்ரெயின்' என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் 'தவிர்' என்ற ஒரு சொல் போதுமா, போதாதா என்பது இன்றைய வழக்கு. போதாது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அகராதியைத் திறந்து காட்டினார். 'தவிர்' என்பதற்கு விலகுதல், ஒழிதல் என்ற பொருள்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்தச் சொல் நம் வாயில் எப்படிப் புழங்குகிறது? உச்சி வெயிலைத் தவிர்க்கிறோம். எம்ஆர்டி ரயிலில் நெரிசல் நேரத்தைத் தவிர்க்கிறோம். கடன் கொடுத்தவரைச் சிலர் தவிர்க்கிறார்கள். வெளியே இருக்கும் ஒன்றின் வழியில் படாமல் ஒதுங்குவதைத்தான் இவையெல்லாம் சொல்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு 'அவாய்டு' என்று தனிச்சொல் இருக்கிறது. மழையை ஒருவர் 'அவாய்டு' செய்யலாம், 'ரிஃப்ரெயின்' செய்ய முடியாது. ஏனெனில் அந்த வினை ஒருவருடைய சொந்தச் செயலைப் பற்றி மட்டுமே பேசும். அதன் பின்னால் 'ஃப்ரம்' என்ற சொல்லும், பெரும்பாலும் 'இங்' என்று முடியும் ஒரு செயலும் வருவது அதனால்தான்.

அதன் வேரைப் பாருங்கள். லத்தீன் மொழியில் 'ஃப்ரேனும்' என்றால் கடிவாளம். கடிவாளத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துவதுதான் இந்த வினையின் பழைய பொருள். (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அடியையும் ஆங்கிலத்தில் 'ரிஃப்ரெயின்' என்பார்கள், அது வேறொரு வேரில் பிறந்தது, இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.) கடிவாளம் வேண்டுமென்றால் ஓடத் துடிக்கும் குதிரை ஒன்று இருந்தாக வேண்டும். வாழ்நாளில் சிகரெட்டையே தொட நினைக்காதவரை, புகைப்பதிலிருந்து 'ரிஃப்ரெயின்' செய்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், புறாக்களுக்கு உணவளிப்பதைத் தவிர்க்கவும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே காலையில் வந்து உட்காரும் பாட்டி ஒருவர் முன்பெல்லாம் பையில் ஒரு பிடி அரிசி கொண்டுவருவார். அபராதம் உண்டு என்று பேரன் சொன்ன பிறகும் புறாக்கள் அவர் காலடிக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஒருநாள் அவருடைய கை பழக்கத்தில் பைக்குள் போனதையும், அங்கேயே சற்று நின்றதையும், பிறகு வெறுங்கையாக வெளியே வந்து மடியில் அமர்ந்ததையும் நான் பார்த்தேன். புறாக்களைத் தவிர்க்க நினைத்திருந்தால் அவர் வேறு பெஞ்சுக்குப் போயிருப்பார். அவர் போகவில்லை. பைக்குள் கை நின்ற அந்த நொடிக்குத்தான் ஆங்கிலத்தில் 'ரிஃப்ரெயின்' என்று பெயர். அறிவிப்பில் உள்ள தமிழ்ச்சொல் அந்த நொடியைத் தொடவே இல்லை.

அப்படியானால் தமிழில் என்ன இருக்கிறது என்று எதிரணி கேட்கும். ஆங்கிலத்தில் பிறரைக் கட்டுப்படுத்துவது 'ரிஸ்ட்ரெயின்'. தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது 'ரிஃப்ரெயின்'. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பி, 'நான் அவனை ரிஃப்ரெயின் செய்தேன்' என்று கட்டுரையில் எழுதி மதிப்பெண் இழப்பதும் உண்டு. தமிழ் இதற்கு இரண்டு வினைகளைத் தேடி அலையவில்லை. 'கூட்டத்தை அடக்கினார்' என்கிறோம், 'சிரிப்பை அடக்கிக்கொண்டார்' என்கிறோம். 'கொள்' என்ற அந்தச் சின்னத் துணைவினை, பிறர்மீது பாய்ந்த செயலைத் தன் பக்கமே திருப்பிவிடுகிறது. இவ்வளவு நேர்த்தியான ஒரு கருவியைப் பரணில் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் 'தவிர்க்கவும்' என்று எழுதுவது சோம்பல் என்றே நான் சொல்வேன்.

இதைவிடப் பழைய சொல்லும் நம்மிடம் உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், பேதுருவின் முதல் நிருபம், நாவைத் தீமையிலிருந்து காப்பதைச் சொல்ல இதே 'ரிஃப்ரெயின்' வினையைத்தான் ஆள்கிறது. தமிழ் வேதாகமம் அதே இடத்தில் 'விலக்கிக்காத்து' என்கிறது. வெறுமனே விலக்குவதோடு நிறுத்தாமல் 'காத்து' என்று சேர்த்தவர்களுக்கு வள்ளுவர் துணை இருக்கிறார். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்' என்று தொடங்கும் 301ஆம் குறள், சினம் பலிக்கும் இடத்தில் அதைத் தடுப்பவனே சினம் காப்பவன் என்றும், பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்றும் கேட்கிறது. செய்ய ஆசையும் வலிமையும் இருந்தும் செய்யாமல் நிற்பது என்ற இலக்கணத்தை அந்தக் குறள் எப்போதோ எழுதிவிட்டது.

நான்கு மொழிகளை ஏற்ற வேண்டிய அறிவிப்புப் பலகையில் இடம் குறைவு, 'தவிர்க்கவும்' அதில் அடங்கிவிடுகிறது என்பது எதிரணியின் வாதம். பலகைக்கு அது சரி. ஆனால் நடுவர் அவர்களே, வழக்கு பலகையின் அகலத்தைப் பற்றியது அன்று.

மணி அடிக்க இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. எதிரணித் தலைவர் தம் உரையில் இரண்டு முறை செய்த ஓர் உச்சரிப்புப் பிழையைச் சுட்டிக்காட்ட நாக்கு துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். இதைத் 'தவிர்த்தேன்' என்று நாளை யாராவது எழுதினால், நான் அவருக்கு அஞ்சி நழுவியதாக அல்லவா ஆகிவிடும்?