மாலத்தீவு, பூட்டான் இறக்குமதியை எப்படி ஒப்பிடுறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். பொருளாதாரம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "சார், மாலத்தீவு, பூட்டான் ரெண்டு நாட்டோட சரக்கு இறக்குமதியையும் டாலர்ல எடுத்து வரைபடம் போட்டேன். 2020க்கும் 2022க்கும் நடுவுல மாலத்தீவு கிட்டத்தட்ட இரட்டிப்பாயிருச்சு. தலைக்கு இவ்வளவுன்னு வகுத்தாலும் பூட்டானை விட நாலு மடங்கு வருது. கட்டுப்பாடு இல்லாம செலவு பண்றாங்கன்னு எழுதலாமா?"

தம்பி, அப்படி எழுதிராதீங்க. கூட்டல் கழித்தல் சரியாத்தான் இருக்கு. ஆரம்பிச்ச வருஷம்தான் தப்பு.

2019ல மாலத்தீவு இறக்குமதி சுமார் 290 கோடி டாலர். 2020ல 184 கோடிக்கு விழுந்துச்சு. ஏன்? மார்ச் கடைசியிலிருந்து ஜூலை பாதி வரைக்கும் சுற்றுலாப் பயணிங்க யாரும் உள்ள வர முடியல. 2022ல 350 கோடி வாக்குல வந்துச்சு. 184லிருந்து பார்த்தா இரட்டிப்பு மாதிரி தெரியும். 290லிருந்து பாருங்க, 20 சதவீதம்தான். அதுலயும் உக்ரைன் போருக்கப்புறம் டீசல் விலை ஏறினது கலந்திருக்கு. சரக்கு கூடுச்சா, விலை கூடுச்சான்னு பிரிக்காம எதுவும் சொல்ல முடியாது.

இப்ப பூட்டானைப் பாருங்க. அவங்களும் 2020 மார்ச்ல சுற்றுலாவை மூடினாங்க, 2022 செப்டம்பர்லதான் திறந்தாங்க. ரெண்டரை வருஷம்! ஆனா 2020ல இறக்குமதி கொஞ்சம்தான் இறங்குச்சு. அங்க வர்ற லாரி உள்ளூர் ஜனத்துக்காக வருது. மாலத்தீவுக்குப் போற கப்பல் விருந்தாளிக்கும் சேர்த்துப் போகுது.

தலைக் கணக்குக்கு வருவோம். மாலத்தீவுல 2022 கணக்கெடுப்புப்படி 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். 2019ல வந்த பயணிங்க 17 லட்சம். ஆளுக்கு 6 நாள் தங்கினாங்கன்னு வச்சுக்கங்க, எந்த நாள்ல எண்ணினாலும் 28,000 பேர் இருப்பாங்க. இவங்களைச் சேர்த்து வகுத்தா தீர்ந்துருமான்னா, தீராது. தலை அஞ்சு சதவீதம்தான் கூடும், ஆனா அந்தத் தலையோட செலவு வேற. ரிசார்ட் தீவுல கரண்ட்டுக்கு டீசல் ஜெனரேட்டர், கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறதுக்கும் அதே கரண்ட்டு. காலைல தட்டுல வைக்கிற முட்டை, உருளைக்கிழங்கு, கட்டடத்துக்குப் போடுற ஜல்லி, எல்லாம் கடல் தாண்டித்தான் வரணும். தூத்துக்குடிக்காரங்களுக்கு இது புதுசில்ல, பழைய துறைமுகத்துல மாலத்தீவுக்குத் தோணியில சரக்கு ஏத்துறதைப் பார்த்தே வளர்ந்தவங்க. இந்தியா வருஷா வருஷம் வெங்காயம், சர்க்கரை, ஆத்து மணல்னு அவங்களுக்குத் தனி ஒதுக்கீடே கொடுக்குது. அதனால இறக்குமதியை மட்டும் பார்க்காதீங்க, சுற்றுலா வருமானத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்தச் செலவுல ஒரு பங்கு அவங்க தொழிலுக்கான முதலீடு.

இன்னொண்ணு, இதைப் பலர் கவனிக்கிறதே இல்ல. பூட்டானோட பணம் நுல்ட்ரம், நம்ம ரூபாயோட ஒண்ணுக்கு ஒண்ணு மதிப்புன்னு கட்டிப் போட்டது. 2010ல 100 நுல்ட்ரத்துக்கு வாங்கின சாமான், டாலர் கணக்குல 2 டாலர் 19 சென்ட். 2023ல அதே 100 நுல்ட்ரம் 1 டாலர் 21 சென்ட்தான். மாலத்தீவோட பணம் ரூஃபியா, 2011லிருந்து டாலருக்கு 15.42ஐ ஒட்டியே நிக்குது. அப்ப உங்க டாலர் வரைபடத்துல பூட்டான் கோடு தாழ்வாத் தெரியுறதுல ஒரு பங்கு ரூபாய் சரிஞ்சதால வந்தது. பூட்டானோட இறக்குமதியில பெரும்பகுதி இந்தியாவுல ரூபாய் கொடுத்து வாங்குறதுதானே? அதை டாலர்ல மாத்திப் பார்த்தா அந்த ஊர்க்காரன் கஷ்டம் தெரியாது.

பூட்டான்ல 2022ல ஒரு துள்ளல் இருக்கும், பார்த்திருப்பீங்க. கிரிப்டோங்கிற டிஜிட்டல் பணத்தை எடுக்குற கணினிக் கருவிகளை அரசு தரப்புலயே வாங்கினாங்க. அந்நியச் செலாவணி கரைஞ்சுது, ஆகஸ்ட்ல வண்டி இறக்குமதிக்குத் தடை போட்டாங்க. இப்படி ஒத்தை வருஷச் செலவை வச்சு வளர்ச்சி விகிதம் போட்டீங்கன்னா மறுபடியும் 2020 கதைதான்.

தம்பி, 2019ஐ 100னு வச்சு, எரிபொருளைத் தனி வரிசையா எடுத்துட்டு, பூட்டானுக்கு நுல்ட்ரத்துலயும் ஒரு கோடு போடுங்க. போட்டுட்டு அனுப்புங்க, அடுத்த வாரம் அதையே எடுத்துப் பேசுறேன்.