சுவிட்சைப் போட்டது யார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வாங்கிய பொருளாலோ, வங்கிக் கணக்கில் நடந்த திருட்டாலோ நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று இன்று பேசுகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, குறுவை நேரத்தில் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே பட்டா இருக்கும், பத்திரம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மொபைல் ஸ்டார்ட்டர். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டுத் திண்ணையிலிருந்தே அந்த நம்பருக்குப் போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடும். மும்முனை கரண்ட் வருகிற நேரத்துக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டியதில்லை, பாம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை.

"வக்கீலம்மா, நான் போன் போடவே இல்ல. மோட்டார் தானா ஓடியிருக்கு" என்றார்.

ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. விதைத்து மூன்று நாளான நாற்றங்காலில் தண்ணீர் தேங்கி முளை அழுகிவிட்டது. அப்புறம் ஃபில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் வெறுமனே சுற்றி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிட்டது. பேய் ஓட்டியது என்று ஊரில் பேச்சு. நான் அந்த சிம்மைக் கழற்றி ஒரு பழைய போனில் போட்டு மேசைமேல் வைத்தேன். டீ வந்து, குடித்து முடிப்பதற்குள் மணி அடித்தது. எடுத்தேன். "வணக்கம் சார், பர்சனல் லோன் தேவைப்படுதா?"

பேய் அகப்பட்டுவிட்டது. அந்த நம்பர் முன்பு வேறு யாரிடமோ இருந்து, கைவிடப்பட்டு, மறுபடி விற்பனைக்கு வந்த நம்பர். பழைய ஆளைத் தேடிக் கடன் விற்கிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலும் மோட்டாரைப் போட்டுவிடு என்று பெட்டி தயாரிப்பிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. சொந்தக்காரர் நம்பருக்கு மட்டும் பூட்டிவைக்க வழி உண்டு. அது கூடவே வந்த சின்னப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது.

சரி, நஷ்டம் யார் தலையில்?

1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில் இதற்கென்று தனி அத்தியாயம் கிடையாது. 2019-இல் நிறைவேறி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஆறாவது அத்தியாயம் முழுவதும் இதுதான்: 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள், தயாரிப்புப் பொறுப்பு. 84-ஆம் பிரிவின்படி, செய்ததில் குறை இருந்தாலும், வடிவமைத்ததில் குறை இருந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவு சொல்லாமல் விட்டிருந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. இதில் ஒன்று போதும். கம்பெனி அஜாக்கிரதையாக இருந்தது என்று தனியாக நிரூபிக்கச் சொல்லும் நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. பொருளில் குறை, அந்தக் குறையால் சேதம், இந்த இரண்டையும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு விவசாயிக்கு விற்கிற பெட்டியில் முக்கியமான எச்சரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் அது எச்சரிக்கையே இல்லை என்பது என் வாதம். நுகர்வோர் ஆணையம் என்ன சொல்லும் என்று பார்ப்போம்.

விற்ற கடைக்காரரையும் சேர்க்கலாம், ஆனால் 86-ஆம் பிரிவில் சொன்ன சூழ்நிலைகளில் மட்டும். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றிருந்தால் கடைக்காரர் மாட்டிக்கொள்வார். பில் வாங்கினால்தான் கடைக்காரரையாவது பிடிக்க முடியும். உள்ளூர் எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து ஒயரை மாற்றியிருந்தால், கடைக்காரர் 87-ஆம் பிரிவைக் காட்டித் தப்பப் பார்ப்பார். அதனால் பழுதான பொருளைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். பெரியவர் அப்படித்தான் கொண்டுவந்தார், களிமண்கூடத் துடைக்காமல்.

இந்தச் சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. சேதம் என்றால் என்ன என்று அது வரையறுத்திருக்கிறது. உடம்புக்கு வரும் கேடு, மற்றப் பொருள்களுக்கு வரும் கேடு, இவை சேதம். பழுதான பொருளின் விலை இந்த வரையறைக்குள் வராது. வெறும் பண நஷ்டமும் வராது. எனவே கருகிய மோட்டாரைக் கேட்கலாம், அழுகிய நாற்றைக் கேட்கலாம். அந்தப் போகத்தில் வந்திருக்க வேண்டிய நெல்லின் விலையைக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்துவிடுவார். பெட்டியின் விலையை ‘குறைபாடுள்ள பொருள்’ என்ற சாதாரணப் புகாராகக் கேட்க வேண்டும். போனின் மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாகக் கணக்கிலிருந்து பணம் போனாலும் இதே சிக்கல்தான், அது வெறும் பண நஷ்டம்.

விவசாயி நுகர்வோரா என்று இன்னும் கேட்கிறார்கள். 2012 ஜனவரியில், தரமில்லாத விதை பற்றிய தேசிய விதைகள் கழக வழக்கில், விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த கேள்வி இது. ஆய்வுக்கூடத்துக்கு விதை மாதிரி அனுப்பவில்லையே என்று அப்போது வாதம் வந்தது. வாங்கிய விதையை விவசாயி விதைத்துவிடுவார், ஆய்வுக்கென்று ஒரு பிடி எடுத்துவைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். நம்மூர் நிலவரம் தெரிந்தவர்கள் எழுதியது போலவே இருக்கும். இருந்தாலும் விதை மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் குவியல் எண் இருக்கிறது.

இனி வங்கிக்கு வருவோம். இங்கே நிரூபிக்கிற சுமை அப்படியே தலைகீழாகிறது. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து மின்னணு வழியில் பணம் போனால், தவறு உங்களுடையது என்று வங்கிதான் நிரூபிக்க வேண்டும். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இது இருக்கிறது. தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், பணம் போனதாக வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய் உங்கள் பங்கு. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். நீங்களே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போனது வங்கியின் நஷ்டம்.

வேலை நாள் என்றால் உங்கள் கிளையின் வேலை நாள். தகவல் வந்த நாளை எண்ணக் கூடாது. வெள்ளிக்கிழமை இரவு எஸ்எம்எஸ் வருகிறது, மறுநாள் இரண்டாம் சனி, அப்புறம் ஞாயிறு. திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கை நம்பிப் படுத்துத் தூங்காதீர்கள். பணம் திங்கள் வரை காத்திருக்காது. அன்று இரவே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், வங்கியின் உதவி எண்ணிலும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

"நீதானே ஓடிபி கொடுத்தாய்" என்று கிளையில் அதட்டினால் பயந்துவிட வேண்டாம். அசாமில் ஒரு வாடிக்கையாளர், இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பப் போய், வாடிக்கையாளர் சேவை என்று பேசியவன் சொன்ன செயலியைப் போனில் இறக்கி, 94,000 ரூபாய் இழந்தார். ஒரு நாளுக்குள் புகார் கொடுத்தார். ஸ்டேட் வங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பே நிலைத்தது. வாடிக்கையாளரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது, அதையும் மறைக்கக் கூடாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும், போனில் செயலியை நிறுவிவிடுகிற ஏபிகே கோப்பைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஏமாந்தது படிக்காதவர்கள் மட்டும் என்று யாராவது சொன்னால் கும்பகோணத்தைக் காட்டுங்கள். 1904-இல் அங்கே தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியே 2018 பிப்ரவரியில், வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியாக நடந்த இணையத் திருட்டுக்கு ஆளானது. மூன்று பரிமாற்றங்கள். அவற்றில் துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் வழியிலேயே நிறுத்தப்பட்டது. உடனே கண்டுபிடித்துச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே உதாரணம்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீல் மூலம் போகவும் முடியாது, எனக்கு வருமானம் இல்லாத இடம் அது. ஆனால் நம்ம ஊர் சொசைட்டி, அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது, அதனால் அதன்மேல் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அதை வெளியே நிறுத்தியிருக்கிறது. அதற்காகக் கதவு அடைந்துவிடவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிராக அதன் உறுப்பினர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று, 2003 டிசம்பரில், தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்றின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்குக் குறை இருப்பது தகவல் கசிவு பற்றிய சட்டத்தில். நம் பெயரும் நம்பரும் பயிர்க்கடன் தொகையும் கசிந்துதானே இத்தனை போன்கள் வருகின்றன? 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பணம் போய்ச் சேருமிடம் அரசின் தொகுப்பு நிதி. தகவல் கசிந்து பணம் இழந்தவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருகிறது. அதை நீக்குவதற்கான வாசகத்தையும் புதிய சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மாடு மேய்ந்தது என் பயிரை, அபராதம் மட்டும் பட்டியில் கட்டு என்பது போன்ற ஏற்பாடு. இதை மாற்றச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம், நான் கேட்டு எழுதியிருக்கிறேன்.

பெரியவரின் வழக்குக்கு வருகிறேன். தயாரித்த கம்பெனி வெளி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அலைய வேண்டியதில்லை, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தஞ்சாவூரில், திருவாரூரில், நாகப்பட்டினத்தில் மாவட்ட ஆணையங்கள் இருக்கின்றன. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் திருவாரூரில் போட்டிருக்கிறோம். பெட்டியைத் துணியில் கட்டி என் பீரோவில் வைத்திருக்கிறேன், சிம்மைத் தனி உறையில். சென்ற வாய்தாவுக்குக் கம்பெனி வக்கீல் நேரம் கேட்டார். வெளியே வந்ததும் பெரியவர் கேட்டார்: "அந்த லோன்காரப் பய இன்னும் கூப்பிடறானாம்மா?"

வணக்கம்.