கடைக்காரர் வெளியிட்ட பென்னி

நேயர்களுக்கு வணக்கம். 1851இல் தங்கம் கிடைக்கத் தொடங்கியதும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் பணம் புரண்டது. ஆனால் மீதிச் சில்லறை கொடுக்கக் கடைகளில் செம்புக்காசு இல்லை. அதனால் கடைக்காரர்களே தங்கள் பெயர் பொறித்த செம்புக்காசுகளை வெளியிட்டார்கள். இவைதான் டோக்கன்கள்.

அரசுக் காசு தட்டுப்பட்டதற்குக் காரணம் எடை. அன்றைய பிரிட்டிஷ் செம்புப் பென்னி 24 சேர்ந்தால் ஒரு ராத்தல். 240 பென்னி ஒரு பவுண்டு பணம். அப்படியானால் 100 பவுண்டு மதிப்புள்ள சில்லறையின் எடை 1,000 ராத்தல், சுமார் 450 கிலோ. இந்தப் பாரத்தைக் கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்ப அரசுக்கு அக்கறை இல்லை. வணிகருக்கோ டோக்கன் வெளியிடுவதில் லாபம் இருந்தது. செம்பு விலை, அச்சடிப்புக் கூலி, கப்பல் கூலி எல்லாம் கூட்டினாலும் ஒரு டோக்கனுக்கு ஒரு பென்னிக்குக் குறைவாகவே ஆகும். கடையில் அது முழு பென்னியாகப் போகும்.

தங்கத்துக்கு முன்பே, 1849இல், மெல்போர்ன் மளிகை வணிகர்களான அனண்ட், ஸ்மித் நிறுவனம் வெளியிட்டதே ஆஸ்திரேலியாவின் முதல் பென்னி டோக்கன் என்பார்கள். பலரும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ஹீட்டன் நாணய ஆலையில் அடித்து வரவழைத்தார்கள். பின்னர் மெல்போர்னிலேயே தாமஸ் ஸ்டோக்ஸ் அடித்துக் கொடுத்தார். லண்டன் மாத்திரை வியாபாரி ஹாலோவே கூட 1857, 1858 ஆண்டுகளைப் பொறித்து டோக்கன் அனுப்பினார். விளம்பரத்துக்கு இதைவிட மலிவான வழி ஏது!

எடையைக் குறைத்தால் லாபம் ஏறும். அளவு மீறினால் வாங்குபவர் கையில் எடுத்ததுமே மறுத்துவிடுவார். காசில் இருக்கும் பெயரும் ஊரும்தான் பிணை. கடை மூடிவிட்டால் நட்டம் கடைசியாக வைத்திருந்தவருக்கு.

ஒரு டோக்கனை உருப்பெருக்கியில் பாருங்கள். எழுத்துகளுக்குக் குறுக்கே மேலெழுந்த மெல்லிய கோடு ஓடினால் அது கீறல் அல்ல. கீறல் குழிந்திருக்கும். காசை அடிக்கும் எஃகு அச்சு விரிசல்விட, அந்தப் பிளவுக்குள் செம்பு ஏறிய தடம் அது. நடு உருவம் மட்டும் மழுங்கியிருந்தால் தேய்மானம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டு அச்சுகளின் ஆழமான பகுதிகளும் எதிரெதிரே அமைந்தால் உலோகம் இரண்டையும் நிரப்பாது. அங்கே உருவம் அடிக்கும்போதே முழுதாக விழுந்திருக்காது.

1860இல் பிரிட்டன் வெண்கலப் பென்னிக்கு மாறியது. எடை பாதியாகி 48 காசு ஒரு ராத்தல் ஆயிற்று. அனுப்பும் செலவும் குறைந்தது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியா 1863இலும் நியூ சவுத் வேல்ஸ் 1868இலும் டோக்கன்களைத் தடை செய்தன.