காய்ந்த எரு வேறு, மக்கிய எரு வேறு

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "கோழி எருவை ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, தூளாக்கி, கீரைத் தொட்டியில் தூவினேன். நாற்றமே இல்லை. ஆனால் தண்ணீர் ஊற்றிய நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. எங்கே தப்பு? இந்தக் கீரையைச் சாப்பிடலாமா?"

காய்ந்துவிட்டால் மக்கிவிட்டது என்று நினைத்ததுதான் தப்பு. நானும் ஒரு தடவை இப்படித்தான் தக்காளி நாற்றுகளைப் பறிகொடுத்தேன். வெயில் எருவிலுள்ள ஈரத்தை மட்டும்தான் எடுக்கும். கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் உள்ளேயே கிடக்கும். தண்ணீர் பட்டதும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு அதை அம்மோனியாவாக மாற்றும். கூடவே உப்பும் சேர்ந்து இளம் வேரைச் சுட்டுவிடும். மாட்டுச் சாணியோ ஆட்டுப் புழுக்கையோ இவ்வளவு காரம் கிடையாது.

சரி, சாப்பிடுகிற விஷயம். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் காய்ந்த எருவிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் இந்தத் தடவை பறிக்கும் கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்து மட்டும் சாப்பிடுங்கள். பச்சையாக வேண்டவே வேண்டாம். மக்காத எருவைப் போட்டால் எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்கு அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் ஒரு கணக்கு உண்டு. கீரை, கேரட் மாதிரி மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே எரு மண்ணில் கலந்திருக்க வேண்டும். மண் தொடாததற்கு 90 நாள். கீரை ஒரு மாதத்திலேயே பறிப்புக்கு வந்துவிடுமே! ஆகவே கீரைக்கு மக்கிய எருதான் வழி.

மக்க வைப்பது எப்படி? கோழி எரு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு மூன்று கூடையாவது சேருங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத் தண்ணீர் வர வேண்டும், ஒழுகக் கூடாது. குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் சூடு பிடிக்கும். நடுவில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல், இதுதான் கிருமி சாகிற கணக்கு. அப்புறம் இரண்டு மூன்று மாதம் ஆறவிடுங்கள். சின்னத் தொட்டியில் அந்தச் சூடு வராது. அப்படியானால் ஒரு வருடம் விட்டுவிடுவது நல்லது.

மக்கியதா என்று பார்க்க, கொஞ்சம் ஈரமாக்கி ஒரு கவரில் கட்டி இரண்டு நாள் வையுங்கள். திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறினால் இன்னும் ஆகவில்லை. மழை பெய்த மண் வாசனை வந்தால் போடலாம். நாய், பூனைக் கழிவை மட்டும் குவியலில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள புழு முட்டைகளை வீட்டுக் குவியலின் சூட்டை நம்பி விடமுடியாது.

இப்போதைக்கு அந்தத் தொட்டியில் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் வழியும்வரை இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுரண்டிய மண்ணைத் தூக்கிப் போட வேண்டாம், குவியலில் சேர்த்துவிடுங்கள்.