ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடலோர உவர்ச் சதுப்புக்குப் பறவை பார்க்கப் போவதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அன்றைக்கு ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல் நீர், எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பதைத்தான். பறவை பார்ப்பதென்றால் விடியற்காலை என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் கரைப்பறவைகள் இரை தேடுவதும் ஓய்வதும் பெரிதும் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தவை. நீர் நன்றாக வற்றிய வேளையில் சென்றால், அவை சேற்றுப் பரப்பின் கடைக்கோடியில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். ஓதம் உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சென்று, பாதையை விட்டு இறங்காமல், ஒரு மறைவில் அமர்ந்துகொண்டால், ஏறி வரும் நீரே அவற்றைக் கரையை நோக்கி ஒதுக்கிக்கொண்டு வரும். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால், போன வாரம் வாய்த்த நேரம் இந்த வாரம் வாய்க்காது. ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அமர்ந்த பிறகு, எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பறவையும் எப்படி உண்கிறது என்று கவனியுங்கள். உப்புக்கொத்தி நான்கு அடி ஓடும், சட்டென நிற்கும், கண்ணில் பட்டதைக் கொத்தும். உள்ளானோ பார்வையை மட்டும் நம்பாமல், அலகின் நுனியால் சேற்றைத் துழாவிக்கொண்டே நடக்கும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள குதிரைமலைக் கோட்டான், அலகை அடி வரை வளைக்குள் செலுத்தி ஒரு நண்டை இழுத்தெடுத்து, கால்கள் கழன்று விழும்வரை உதறிவிட்டு, உடலை மட்டும் விழுங்குவதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை.

இந்தச் சேறு எதற்காக என்று கேட்பவர்களுக்கு, பட்டைவால் மூக்கன் என்ற வலசைக் கரைப்பறவையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு மூக்கன், செயற்கைக்கோள் வழியே தடமறியும் கருவியைச் சுமந்தபடி அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாட்கள் பறந்து, ஆஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள டாஸ்மேனியா தீவை அடைந்தது. கடந்த தொலைவு சுமார் 13,560 கிலோமீட்டர். வழியெல்லாம் பசிபிக் பெருங்கடல்; இந்தப் பறவையால் கடல்மீது அமர்ந்து இளைப்பாறவும் முடியாது. புறப்படும் முன் மூக்கன்கள் சேற்றுப் புழுக்களையும் சிப்பிகளையும் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதோடு, பயணத்தில் வேலையில்லாத இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கின்றன. 13,560 கிலோமீட்டர், நேயர்களே, அத்தனையும் சேற்றில் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டு!

அதனால்தான் வேண்டிக் கேட்கிறேன், ஓய்ந்திருக்கும் கூட்டத்தை எழுப்பிவிடாதீர்கள். உயர் ஓதத்தின்போது ஒற்றைக் காலில், அலகைச் சிறகில் செருகி நிற்கும் பறவைகள் சும்மா நிற்பதாக நமக்குத் தோன்றலாம். நீர் வடிந்ததும் மீண்டும் மேய்வதற்காகவே அவை ஆற்றலைச் சேமிக்கின்றன. ஒரு நல்ல புகைப்படத்துக்காக நாம் பத்தடி முன்னேறி, கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்தால், அரும்பாடுபட்டுச் சேர்த்த கொழுப்பு வீணாகக் கரைகிறது. பறவைகள் தலையை நிமிர்த்தி, உண்பதை நிறுத்தி நம்மைப் பார்க்கத் தொடங்கினாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்கிவிடுங்கள்.

தொலைநோக்கி பற்றியும், உமரிச் செடிகள் உப்பைத் தாங்கி வளரும் விதம் பற்றியும் பேச நினைத்திருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சதுப்பின் ஓடைகள் பெரும்பாலும் நமக்குப் பின்னால் ஓசையின்றி நிரம்பிவிடும்; எதிரே சேறு தெரிகிறதே என்று நம்பி ஓடைகளைக் கடந்து போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள், திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.