7,000 ஜாடி பீரும் ஒரு சிங்க முகத்தாளும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, நாற்பது வருடமாக இந்த வாசகர் வட்டத்தைக் கட்டிக்காக்கும் செயலாளர் அய்யா அவர்களே, நூலகர் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சால்வை வியர்க்க வைக்கிறது. கழற்றினால் போர்த்திய அம்மையார் வருத்தப்படுவார். இருக்கட்டும்.

மூன்று செய்திகள் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். பழைய எகிப்தின் சிங்க முகத் தெய்வம் செக்மெட் யார், வீடியோ கேம்காரர்கள் அவளை என்ன செய்தார்கள், பூனை முகத் தெய்வம் பாஸ்டெட்டுக்கு என்ன ஆனது. நேரம் இருந்தால் மூன்றும்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள். நான் அடிக்கடி சொல்லும் பழமொழி, என் மாணவர்கள் சிரிக்கிறார்கள். இன்றும் அதுதான்.

என் பேரன் ஒருநாள் ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புலம்புகிறான். "தாத்தா, இந்த பாஸ் சாகவே மாட்டேங்குது." யாருடா அது என்றேன். "ஏதோ ஒரு சிங்கம், பேரு செக்மெட்." 2017-ல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் விளையாட்டு அது. கிளியோபாட்ரா காலத்து எகிப்தில் பாயெக் என்ற வீரன் அலைகிறான். நடுவில் அனூபிஸ், சோபெக், செக்மெட் என்று மலையளவு தெய்வங்கள் வழிமறிக்கும். அடித்து வீழ்த்தினால் ஆயுதம் பரிசு. நாலாவது தடவையும் தோற்றான்.

"நீ அடிச்சா அவ சாகமாட்டாடா. ரா தேவனே அவகிட்ட தோத்துத்தான் போனான்" என்றேன். கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். சொன்னேன். எகிப்தின் சூரிய தேவன் ரா கிழவனாகிவிட்டான். எலும்பு வெள்ளி, சதை தங்கம், முடி நீலக்கல். கிழவன்தானே என்று மனிதர்கள் சதி செய்கிறார்கள். ரா தன் கண்ணையே பெண்ணாக அனுப்புகிறான். ஹாதோர் என்ற தெய்வமாகப் போனவள் பாலைவனத்தில் மனிதர்களைக் கொன்று ரத்தத்தில் நடக்கிறாள். அங்கேதான் செக்மெட் என்ற பெயர் வருகிறது. வலிமையுள்ளவள் என்று அர்த்தம். ராவுக்கே பயம் வந்துவிட்டது. இப்படியே விட்டால் நாளைக்குக் கும்பிட ஆள் இருக்காதே!

என்ன செய்தான்? நைல் நதியின் எலிபன்டைன் தீவுக்கு ஆளை ஓடவிட்டுச் செங்காவி வரவழைத்தான். பெண்கள் பார்லியை நசுக்கிப் பீர் காய்ச்சினார்கள். செங்காவியை அரைத்து அதில் கலந்தார்கள். ரத்தம் மாதிரியே 7,000 ஜாடி. விடிவதற்குள் வயலில் கொட்டினார்கள். காலையில் வந்தவள் குனிந்தாள். அதில் அவள் முகம் அழகாகத் தெரிந்தது. குடித்தாள், குடித்தாள், போதையில் மனிதர்கள் இருக்கிறார்களா என்றே அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விட்டாள். எகிப்திய அரசன் முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரிலேயே இந்தக் கதை எழுதியிருக்கிறது.

பேரன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ கேம்ல எந்த பட்டனை அழுத்தினா பீர் கொடுக்கலாம்?"

(கைதட்டல்)

அந்த பட்டன் இல்லை, அய்யா! அம்பு இருக்கிறது, வாள் இருக்கிறது, கேடயம் இருக்கிறது. கதையின் உயிரே அவளைக் கொல்லாமல் அடக்கியதுதான். அதை எடுத்துவிட்டுப் பல்லையும் நகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். உருவம் மலையளவு, உள்ளே கட்டெறும்பு.

2002-ல் வந்த ஏஜ் ஆஃப் மித்தாலஜி என்ற இன்னொரு விளையாட்டில் செக்மெட்டைக் கும்பிட்டால் நகர மையம் கோட்டையாக மாறும். அவ்வளவுதான் அவள் வரம். ஆனால் நிஜ எகிப்தில் அவள் பூசாரிகள் வைத்தியம் பார்த்தவர்கள். கிறிஸ்துவுக்கு முன் 1550 வாக்கில் எழுதிய ஈபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில், மருத்துவனும் செக்மெட்டின் பூசாரியும் நோயாளியின் தலையிலும் கையிலும் விரல் வைத்தால் இதயம் பேசுவது தெரியும் என்று வருகிறது. நாடி பார்த்திருக்கிறார்கள்! கொள்ளைநோயை அனுப்புகிறவளும் அவள், தீர்க்கிறவளும் அவள். அரசன் மூன்றாம் அமென்ஹோடெப் அவளுக்கு நூற்றுக்கணக்கில் கருங்கல் சிலை வைத்தான். அவற்றில் 21 இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பூனை மம்மிகளை எருவாக்க லிவர்பூலுக்குக் கப்பலேற்றிய கதையோடு பாஸ்டெட்டைத் தொடங்க நினைத்தேன். செயலாளர் அய்யா கடிகாரத்தைத் தட்டுகிறார். இன்னொரு கூட்டத்தில்.

நான் இங்கே வந்ததே வேறு விஷயத்துக்கு. அதே ஆரிஜின்ஸ் விளையாட்டுக்கு 2018 பிப்ரவரியில் டிஸ்கவரி டூர் என்று சண்டையே இல்லாத ஒரு பகுதி வந்தது. 75 சுற்றுலாக்கள். அலெக்சாந்திரியா தெருவில் பிள்ளைகள் நடந்து பார்க்கலாம். தமிழ் கிடையாது. அதனால் என்ன, பக்கத்தில் உட்கார்ந்து நாம் தமிழில் சொல்லலாமே! நான் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன், வேறு என்ன வேலை?

இந்த நூலகத்துக்குள்ளே நீல உறை போர்த்திய கணினி ஒன்று இருக்கிறது. கடவுச்சொல் தெரிந்தவர் மாற்றலாகி இரண்டு வருடம். உறைமேல் பழைய நாளிதழ்க் கட்டு. நூலகர் மேல் குறையில்லை, அவர் ஒரே ஆள். உறையைக் கழற்றினாலும் அது இந்த விளையாட்டைத் தாங்காது. பிள்ளைகளுக்கென்று ஒரு நல்ல கணினி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். மூன்று வருடமாகக் கேட்கிறேன். முதலில் கேட்டது ஐந்து கணினி, பிறகு மூன்று, இப்போது ஒன்று. கழுதை எப்படித் தேய்கிறது பாருங்கள். அம்மையார் மன்றத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்து நோட்டு வாசலில் செருப்பு விடும் இடத்துப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், எடுத்துப் போய்விடாதீர்கள். வணக்கம்.